பழி வரும்போது முன்னால் நில்லுங்கள்



அணித் தலைவர் என்றால் யார்? அணியிலேயே நன்றாக ஆடுகிறவர் என்கிறோம். அப்படியானால் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் மைக் பிரியர்லி அந்தப் பதவிக்கு அருகில்கூட வந்திருக்க முடியாது. 39 டெஸ்ட் ஆடியும் ஒரு சதம் இல்லை அவருக்கு! ஆனால் 1981-இல் இயன் போத்தம் தலைமையை விட்டு விலகியதும் பிரியர்லியைத்தான் கூப்பிட்டார்கள். அடுத்த ஆட்டம் ஹெடிங்லியில். ஃபாலோ ஆன் வாங்கித் தோல்வியின் வாசலில் நின்ற அணிக்கு, அதே போத்தம் ஆட்டமிழக்காமல் 149 ரன் குவித்தார். இங்கிலாந்து 18 ரன்னில் வென்றது. தான் பெரிதாக ஆடாவிட்டாலும் அடுத்தவரை ஆட வைத்தார் பிரியர்லி.

ஆட வைத்தால் போதுமா? போதாது. பழி வந்தால் ஏற்க வேண்டும்.

இலங்கை அணித் தலைவராக இருந்த அர்ஜுன ரணதுங்கவைப் பாருங்கள். 1996 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், லாகூர். அதுவரை நடந்த ஐந்து இறுதி ஆட்டங்களிலும் முதலில் மட்டை பிடித்த அணியே வென்றிருந்தது. டாஸ் வென்ற ரணதுங்க, பந்து வீசுகிறோம் என்றார். தோற்றிருந்தால் நாடே யாரை ஏசியிருக்கும்? அவரைத்தான். தெரிந்தேதான் முடிவெடுத்தார், கோப்பையும் வந்தது.

மூன்று ஆண்டு கழித்து, 1999 ஜனவரியில், அடிலெய்டு மைதானம். இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் கண்டியில் பிறந்த நம் முரளிதரன் பந்து வீசுகிறார். ஸ்கொயர் லெக்கில் நின்ற நடுவர், பந்தை எறிகிறார் என்று நோ பால் கொடுக்கிறார். உலகமே பார்க்க ஒரு பந்துவீச்சாளரின் பிழைப்பில் விழுந்த அடி அது. ரணதுங்க நேரே நடுவரிடம் போனார், விரல் நீட்டி வாதாடினார். பிறகு மொத்த அணியையும் எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். ஆட்டம் நின்றது. பேச்சு வார்த்தைக்குப் பின் திரும்பி வந்து, 303 என்ற இலக்கை ஒரு விக்கெட் மிச்சமிருக்க எட்டினார்கள்.

நடுவரிடம் விரல் நீட்டலாமா? கூடாது. அதை நான் மெச்சவில்லை. அதற்கான தண்டனையும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் முரளியைத் தனியாக நிற்க விடவில்லையே, அதை மெச்சாமல் இருக்க முடியுமா? அந்த முரளிதான் 2010-இல் இலங்கையின் காலி நகர மைதானத்தில் 800-ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார்.

இளம் தலைவர்களே! டாஸ் போடவும் கோப்பையோடு படம் எடுக்கவும் யாராலும் முடியும். கேட்சை விட்ட தம்பியை, பெனால்டியைத் தவறவிட்ட தங்கையைக் கூட்டம் திட்டும்போது, முதல் ஆளாக அவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். அதைச் செய்கிறவரே தலைவர்.