வழிச்செலவு

போர்வீரன் ஒருவனுக்கு இடம்மாறும்படி கட்டளை பிறந்தால், அதனை மறுக்கும் உரிமை அவனுக்கு இல்லை. ஆயின், அவ்விடமாற்றத்துக்கான செலவை ஏற்கவேண்டியவர் யார்? இவ்வினா மிகப் பழமையானது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எகிப்திய இளைஞனாகிய அப்பியோன் உரோமக் கடற்படையிற் சேர்ந்து, இத்தாலியிலுள்ள மிசேனம் துறைமுகத்தை அடைந்தான். அங்கிருந்து அவன் தந்தைக்கு வரைந்த மடல் பப்பைரசுத் தாளில் எஞ்சியிருக்கின்றது. கடலில் நேர்ந்த ஆபத்தினின்றும் தப்பியதைக் கூறியபின், சீசரிடமிருந்து வழிச்செலவாக மூன்று பொற்காசுகள் பெற்ற செய்தியையும் அவன் அறிவிக்கின்றான். அவை 75 தெனாரியசு வெள்ளிக்காசுகளுக்குச் சமமானவை. கணக்கோ பற்றுச்சீட்டோ காட்டாமற் பெறும் நிலையான தொகை அது.

அப்பியோன் தனியாளாகச் சென்றான். இக்காலத்து வீரனோ மனைவி மக்களுடனும் தட்டுமுட்டுப் பொருள்களுடனும் செல்கின்றான். ஆகவே, வழிச்செலவுக் கணக்கும் விரிந்துவிட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விதிகளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கே அரசாங்கச் செலவில் ஏற்றிச்செல்லத்தக்க வீட்டுப்பொருளின் நிறை, பதவியையும் குடும்பத்தையும் பொறுத்தது. குடும்பத்துடன் வாழும் கடைநிலை வீரனுக்கு 8,000 இறாத்தல். உயர்தளபதிக்கு 18,000 இறாத்தல். எல்லையை மிஞ்சிய நிறைக்கான கூலி வீரனையே சாரும். தானே வண்டி பிடித்துப் பொருளைக் கொண்டுசெல்வோன், வெறும் வண்டியையும் சுமையேற்றிய வண்டியையும் தனித்தனியே நிறுத்து, அச்சீட்டுகளை ஒப்படைத்தல் வேண்டும். சொந்த மோட்டார் வண்டியிற் செல்வோனுக்கு மைல் கணக்கிற் பணம் உண்டு. விடுதியில் தங்கியதற்குப் பற்றுச்சீட்டு இன்றியமையாதது. 75 டொலரோ அதற்கு மேலோ ஆன ஏனைய செலவுகளுக்கும் அவ்வாறே.

ஆனால், குடிபெயர்வின் இழப்பு முழுவதும் பற்றுச்சீட்டில் அடங்குமா? புதிய வீட்டுக்கு முற்பணம் கட்டவேண்டும். பழைய வீட்டின் திரைச்சீலை புதிய சாளரத்துக்குப் பொருந்தாது. சமையலறை அலுமாரியை மீண்டும் நிரப்பவேண்டும். இத்தகைய சில்லறைச் செலவுகளை எண்ணியே 1955ஆம் ஆண்டுச் சட்டமொன்று, இடப்பெயர்வுப்படி என்னும் நிலையான தொகையை ஏற்படுத்தியது. அப்பியோன் பெற்ற பொற்காசுகளைப் போல இதற்கும் பற்றுச்சீட்டு வேண்டியதில்லை. எனினும், இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்வதே அதன் நோக்கம். மாநிலம் மாறியதனால் தொழில் உரிமத்தைப் புதிதாகப் பெறவேண்டிய வாழ்க்கைத்துணைவருக்கு 1,000 டொலர் வரை மீளளிக்கும் ஏற்பாடு, அண்மைக் காலத்திலேயே வந்தது.

இவற்றுள் மிக முக்கியமானது, பணம் கைக்கு வரும் காலம். கையிருப்புடைய அதிகாரி, முதலிற் செலவழித்துப் பின்னர் பெற்றுக்கொள்ளலாம். மாதச் சம்பளத்தை நம்பி வாழும் கடைநிலை வீரனோ, மீளப்பெறும்வரை கடன்படுகின்றான். கடனுக்கு வட்டி உண்டு. அவ்வட்டிக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. பின்னர் வரும் முழுத்தொகையும் அவனுக்குக் குறைந்த தொகையே. ஆதலின், புறப்படுமுன் முற்பணம் கொடுக்கும் ஏற்பாட்டைச் சலுகையென்று கொள்ளுதல் பொருந்தாது. விதியின் உயிர்நாடி அதுவே.

கட்டளையிடுவோர் செலவைத் தாங்குவது நீதி. கட்டளை கிடைத்த அன்றே அதனைத் தாங்குவது முழுநீதி.