வளம் எந்த வீட்டில்?

(தோட்டக் கூட்டமொன்றில் கல்முனை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நாடு முன்னேறுதென்று பத்திரிகையில் போடுகிறார்கள். எதைக்கொண்டு அளக்கிறார்கள்? மொத்த வருமானத்தை ஆள்கணக்கில் பிரித்து. பத்து வீட்டில் ஒன்றுக்கு 90,000 ரூபா, மற்ற ஒன்பதுக்கும் 10,000 வீதம் வருகுதென்று வையுங்கள். சராசரி 18,000. ஆனால் அந்த 18,000 எந்த வீட்டிலும் இல்லை!

எங்கட கல்முனைப் பக்கத்து மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். வாப்பா தறியில் இருப்பார், உம்மா நூல் சுற்றுவா. வெளிநாட்டுத் துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிவுத் துணியும் வந்திறங்கியது. வாங்குகிறவருக்கு லாபம்தான், மறுக்கவில்லை. நெய்கிறவருக்கோ வேலை குறைந்தது. நாட்டுக் கணக்கில் வளர்ச்சி ஏறியது. நின்றுபோன தறியை அந்தக் கணக்கு காட்டவில்லை.

உங்கள் கொழுந்தும் அப்படித்தான். 2023இல் தேயிலை ஏற்றுமதி 100 கோடி டொலருக்கு மேல் கொண்டுவந்தது. லயக் காம்பராவுக்கு அதில் எவ்வளவு வந்தது?

1990 முதல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்குது. நல்ல அளவுகோல், ஆனால் அதுவும் நாட்டுச் சராசரிதான். ஆகவே உங்கள் லயத்தை நீங்களே அளந்து பாருங்கள். பிள்ளை எத்தனையாம் வகுப்புவரை படிச்சது? கர்ப்பிணித் தாய்க்கு இரத்தம் போதுமா? கூரை ஒழுகுதா? வீட்டு உறுதி யார் பேரில்?

இதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சம்பளப் பேச்சுவார்த்தைக்குத் தலைவர்மார் போகும்போது அந்தக் கொப்பியும் கூடப் போகட்டும்.