எதிர்வீட்டு வாசல்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் அக்கம்பக்கத்தாரோடு எப்படிப் பழகுவது என்று பேசச் சொன்னார்கள். இந்த விஷயத்தில் நாங்கள் தவறு செய்தவர்கள். அதனால்தான் கூப்பிட்டார்களோ என்னவோ!

மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். உம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால் அங்கிருந்து பதில் வரும். அப்படி வளர்ந்த நாங்கள் தாம்பரம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தோம். அந்த வீடு கிடைப்பதற்கு முன் மூன்று இடங்களில், பெயரைக் கேட்டதும் "இப்பதான் வேற ஆளுக்குப் பேசி முடிச்சோம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வலி மனதில் இருந்தது. இங்கே யார் முகம் சுளிப்பார்களோ என்று நாங்களே கதவைச் சாத்திக்கொண்டோம். குடிபுகுந்த அன்று ஊரிலிருந்து வந்த சொந்தங்களுக்குப் பிரியாணி ஆக்கினோம். மிச்சத்தைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தனுப்பினோம். எதிர்வீட்டுக்கு ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்கவில்லை.

நான்காவது மாதம், ஒரு காலையில் கதவைத் திறந்தால் எதிர்வாசல் நிறையச் செருப்புகள். வாட்ச்மேனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அந்த வீட்டுப் பெரியவர் இரவில் இறந்துவிட்டாராம். அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் வாசலில் கிடக்கும் செய்தித்தாள்தான். பெயர்கூடத் தெரியாது. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றோம்.

வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை, படிக்கட்டில் நின்றார்கள். எங்கள் ஹாலைத் திறந்துவிட்டோம். தண்ணீர் கேன், டீ, குழந்தைகளுக்கு இட்லி. அன்றைக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

சில நாள் கழித்து அந்த அம்மா சொன்னார்: "நீங்க குடிவந்த அன்னிக்கே போய்ப் பார்க்கணும்னு அவர் சொன்னாரு. உங்க வழக்கம் என்னவோ, போகலாமோ கூடாதோன்னு நான்தான் தடுத்துட்டேன்."

எங்களுக்கு இருந்த அதே தயக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது.

மார்க்கம் இதை நமக்குச் சொல்லாமல் விடவில்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் நெருங்கிய அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே சொல்கிறது. இரண்டு அண்டை வீட்டாரில் யாருக்கு அன்பளிப்புக் கொடுப்பது என்று ஆயிஷா (ரலி) கேட்டதற்கு, யாருடைய வாசல் நெருக்கமோ அவருக்கு என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னது புகாரியில் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர் வீட்டாரிடம் கேட்டதைத் திர்மிதியில் பார்க்கிறோம். இதெல்லாம் நாங்கள் ஜும்ஆ பயானில் பலமுறை கேட்டதுதான். கேட்டும் நான்கு மாதம் சும்மா இருந்தோம்.

ஆகவே புதிதாகக் குடிபோகிறவர்கள், அவர்கள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் வாரத்திலேயே போங்கள். சைவமா அசைவமா என்ற யோசனையே வேண்டாம், நாலு பேரீச்சம்பழம் போதும். பெயரையும் போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். வாடகை எவ்வளவு, ஏன் பிள்ளை இல்லை என்றெல்லாம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்! பெருநாளுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தால், வண்டி நிறுத்த இடம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். ரமளானுக்கு முன்பே கீழ்வீட்டாரிடம், சஹருக்காக அதிகாலை மூன்றரை மணிக்கு மிக்ஸி ஓடும் என்று சொல்லி வையுங்கள். நாங்கள் தாமதமாகத்தான் சொன்னோம். "அதானா அந்தச் சத்தம்? நாங்க பயந்தே போயிட்டோம்" என்று கீழ்வீட்டுத் தம்பி சிரித்தார்.

எதிர்வீட்டு அம்மா இப்போது தனியாக இருக்கிறார். அவர் வீட்டு மாற்றுச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. காலையில் அந்தச் செய்தித்தாள் வெகுநேரம் வாசலிலேயே கிடந்தால் கதவைத் தட்டிப் பார்க்கிறோம். அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் தீரவில்லை.

வரும் ஞாயிறு மூன்றாம் மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வருகிறது. அந்த அம்மாவும் நாங்களும் சேர்ந்து போய்ப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.