குரங்கின்மேல் ஏற்றிய பழி

1957ஆம் ஆண்டு, இன்றைய கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன. அவ்வூராரும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். ‘குரங்குக் காய்ச்சல்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அப்பெயரை ஏற்க நாம் தயங்குகிறோம். குரங்கும் நோய்ப்பட்ட உயிரே. நோயைக் கடத்தியது உண்ணி. குருதி உண்பதை உண்ணி என்ற நம் முன்னோர் பெயரிடுவதில் தவறவில்லை.

மழை ஓய்ந்து சருகு உலரும் டிசம்பர் முதல் மே வரையில் இளநிலை உண்ணிகள் மிகுகின்றன. மக்கள் விறகும் சருகும் திரட்டக் காடு புகுவதும் அப்பருவத்திலேதான். காடழித்து வயலாக்கிய விளிம்புகளில் மேயும் மாடுகளோ முதிர்ந்த உண்ணிகளுக்கு இரையாகின்றன. மாடு கிருமியைப் பெருக்குவதில்லை, உண்ணியைப் பெருக்குகிறது. பருவமழை முன்பின்னாகப் பெய்யுமாயின் இக்காலக் கணக்கும் பிறழும்.

குரங்கு இறந்துகிடந்தால் அப்பக்கம் செல்லாதீர் என்று ஊராரை எச்சரிக்கின்றனர். விறகின்றி அடுப்பெரியாத வீட்டாருக்கு அஃது எளிதன்று.