ரெய்னி ஆஸ்பத்திரி

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பெரியவர்களிடம் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டால், “ரெய்னி ஆஸ்பத்திரியில” என்று பலர் சொல்வார்கள். 1914-இல் அதைத் தொடங்கிய மெட்டில்டா மேக்ஃபெயிலை அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஸ்காட்லாந்திலிருந்து 1888-இல் சென்னைக்கு வந்த டாக்டர் அவர். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சப்பட்டு, நோயை மறைத்தே பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலம். சிறிய மருந்தகத்தில் தொடங்கி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்தார். ஆனாலும் ஆஸ்பத்திரி அவர் பெயரில் இல்லை. கிறிஸ்டினா ரெய்னி என்ற இன்னொரு பெண்மணியின் பெயரில்தான் இருக்கிறது.

மேக்ஃபெயிலின் பெயராவது ஏட்டில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வார்டுக்கு ஓடிவந்த நர்சம்மாக்கள், நடுராத்திரியில் ரத்தத் துணிகளை அலசிப் பிழிந்த ஆயாக்கள், வலியில் துடிப்பவளின் இடுப்பை நீவி, “இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கம்மா” என்றவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஊழியம் என்றால் மேடையும் ஒலிபெருக்கியும்தான் என்று நினைப்பவர்கள் இவர்களை அவசியம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று உங்கள் வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். ஒரு ஆயாவின் பெயராவது அவருக்கு ஞாபகம் இருக்கும்.