காதை எட்டாத கை

ஏழை முதியோர்க்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் நம் மாநிலத்தில் 1962-இல் தொடங்கியது. இன்று அதனைப் பெற 60 வயது நிறைந்திருத்தல் வேண்டும். அதற்குச் சான்றும் வேண்டும்.

திரேஸ்புரத்தில் சங்கு குளித்து முதுமையெய்திய ஒருவரின் விண்ணப்பம் திரும்பி வந்தது. பள்ளிச் சான்றிதழ் அவருக்கு 59 என்றது. தலையைச் சுற்றிய கை காதைத் தொட்டால் ஐந்து வயதென்று ஆசிரியர்கள் எழுதிக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. வறுமையில் மெலிந்த அச்சிறுவனின் கை காதை எட்ட ஏழாண்டாயிற்று! பிழை எம் குலத்தாருடையதே என நாணினேன். கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு மெய்யுரைத்தது. அதன் நகலை இணைத்தோம். உதவி கிட்டியது.

பிறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. பிறந்த 21 நாளுக்குள் தெரிவித்தல் கடமை. இன்றே உங்கள் வீட்டு முதியோரின் தாள்களை ஒப்புநோக்குங்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டும் பெறுங்கள்.