மழைக்கால வயிற்றுப்போக்கும் நமது கடமையும்

(ஊராட்சிக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பயிருக்கு நலம் தரும் மழையே, தெருக் கழிவைக் குடிநீரில் சேர்த்துக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கையும் கொணர்கிறது. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்றெண்ணிச் சிலர் நீரை நிறுத்திவிடுகின்றனர். வாடும் நாற்றுக்கு மடையை அடைப்பாருண்டோ? குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலில் நீர் வற்றுவதே.

1971-ஆம் ஆண்டு, மேற்கு வங்காளத்துப் பங்கான் அகதி முகாமில் காலரா பரவிற்று. ஊசி வழியே ஏற்றும் மருந்துநீர் போதாமற்போகவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று.

அத்தகைய உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1 லிட்டர் பொட்டலம் முழுவதையும் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள். சுகாதார ஊழியர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றபின்னும், 14 நாட்கள் கொடுங்கள். கண் குழிந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், குழந்தை குடிக்க இயலாமற் சோர்ந்தாலும் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

குடிநீர்த் தொட்டியைக் கழுவிக் குளோரின் இடுவதும், சாக்கடையருகே உடைந்த குழாயைச் செப்பனிடுவதும் பஞ்சாயத்தின் பொறுப்பு. இவ்விரண்டையும் இவ்வாரமே செய்து முடிப்போமாக!